ஸ்கீட்டர் என்றால் கொசு

ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் 'கொசு' என்று பெயர். அதற்கு முன் 'ஈர்க்குச்சி'. அதற்கும் முன் 'ஒல்லிப்பிச்சான்'. கொசு என்று பெயர் வைத்தவள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி. அவள் அப்பாவுக்குச் சொந்தமாக ஜவுளிக்கடை இருந்தது. நான் கடந்து போகும்போது என் காதருகே படாரென்று கை தட்டுவாள். கொசு அடிக்கிறாளாம். வகுப்பே சிரிக்கும். அவளைத் திருப்பி அடிப்பதாக எத்தனையோ இரவு கற்பனை செய்திருக்கிறேன். அந்தக் கற்பனையில் என் கை உலக்கை மாதிரி இருக்கும். அவள் சுவரில் மோதி விழுவாள். நான் அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் பழங்கதையை மீண்டும் கிளறிவிட்டவள் மேரி மக்ஃபெரன். அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் வரும் வில்லி. டைட்டேனியா என்ற பெயரில்தான் அவளைத் தெரியும். கார்களைத் தூக்கி எறிவாள், சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வருவாள். பலம் வருவதற்கு முன் அவளுடைய பட்டப்பெயர் ஸ்கீட்டர். அமெரிக்கப் பேச்சுவழக்கில் அதற்குக் கொசு என்று பொருள்.

அவளிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது என் மாணவி ஒருத்தியின் கட்டுரை. ஷீ-ஹல்க் பாத்திரத்தைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தாள். பெண்ணின் கோபம், பெண்ணின் உடல், வேலையிடம் என்று எல்லாம் இருந்தது. வில்லி டைட்டேனியாவுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: அவள் பொறாமை பிடித்தவள். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். போட்ட பிறகுதான் எனக்கே பதில் தெரியாது என்று உறைத்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

டைட்டேனியா முதலில் வருவது 1984-இல், 'சீக்ரெட் வார்ஸ்' தொடரின் மூன்றாவது இதழில். எழுதியவர் ஜிம் ஷூட்டர், வரைந்தவர் மைக் ஸெக். மட்டெல் நிறுவனத்தின் பொம்மைகளோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட பன்னிரண்டு இதழ்த் தொடர் அது. 'சீக்ரெட்', 'வார்ஸ்' என்ற இரண்டு சொற்களும் பையன்களுக்குப் பிடிக்கும் என்று மட்டெல் சொன்னதால்தான் அந்தத் தலைப்பு வந்தது என்று ஷூட்டரே சொல்லியிருக்கிறார். அந்தப் பொம்மை வரிசையில் ஒரு பெண் பாத்திரம்கூட இல்லை. கதையில் ஷீ-ஹல்க் உண்டு, வாஸ்ப் உண்டு, டைட்டேனியா உண்டு. கடை அலமாரியில் யாரும் இல்லை. இதே 1984-இல் தமிழில் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே மாடஸ்டி பிளைசியை வைத்து வெளியிட்டது என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

கதை இது. பியாண்டர் என்னும் எல்லாம் வல்ல சக்தி, நாயகர்களையும் வில்லன்களையும் அள்ளிக்கொண்டுபோய், பல கோள்களின் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய ஓர் உலகத்தில் மோதவிடுகிறது. அந்தத் துண்டுகளில் ஒன்று டென்வர் நகரத்தின் புறநகர்ப் பகுதி. அதில் சிக்கிக்கொண்டு வந்தவர்கள் ஸ்கீட்டரும் அவள் தோழி மார்ஷா ரோசன்பெர்க்கும். ஸ்கீட்டர் எலும்பும் தோலுமானவள், மார்ஷா குண்டானவள். ஊர் கேலி செய்வதற்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு ஜோடி. வில்லன்களின் தலைவனான டாக்டர் டூமுக்குப் படைக்கு ஆள் தேவை. தனக்குச் சேவகம் செய்தால் பலம் தருவதாகச் சொல்கிறான். இருவரும் சம்மதிக்கிறார்கள். ஸ்கீட்டர் டைட்டேனியா ஆகிறாள், மார்ஷா எரிமலையாக மாறும் வோல்கானா ஆகிறாள்.

பின்னால் வந்த எழுத்தாளர்கள் ஸ்கீட்டருக்கு ஒரு முன்கதை சேர்த்தார்கள். பள்ளியில் பணக்காரப் பெண்கள் அவளை விரட்டி விரட்டிக் கேலி செய்கிறார்கள். அவள் வேலைக்குப் போகும் இடத்திலும் அதே பெண்கள். அந்த நேரத்தில் ஊரில் புதிதாக ஒரு ஸ்பைடர்-வுமன் தலைகாட்ட, முகமூடிக்குள் இருப்பது நான்தான் என்று ஸ்கீட்டர் சொல்லிவிடுகிறாள். பொய் சில நாள் ஓடுகிறது. நிஜமான ஆபத்து வந்ததும் குட்டு உடைகிறது. இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நானும் ஒரு முறை அப்படிப் பொய் சொல்லியிருக்கிறேன். அது வேறு கதை.

பலம் வந்ததும் அவள் என்ன செய்கிறாள்? ஷீ-ஹல்க்கை அடிக்கிறாள். ஏழாவது இதழில் ஷீ-ஹல்க் தனியாக டூமின் கோட்டைக்குள் வர, அங்கே டைட்டேனியாவும் மற்ற வில்லன்களும் சேர்ந்து அவளை நொறுக்குகிறார்கள். எட்டாவது இதழில் ஸ்பைடர்-மேன் வருகிறான். அவள் அடி ஒன்றுகூட அவன்மேல் விழவில்லை. பகடி பேசியபடியே அவளை அடித்துத் துரத்துகிறான். அந்த அவமானம் அவளுக்குள் தங்கிவிடுகிறது. வெகுநாள்வரை ஸ்பைடர்-மேனைக் கண்டாலே நடுங்குகிறவளாக அவளைக் காட்டுகிறார்கள்.

இந்தச் சண்டையைத்தான் நான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். பீட்டர் பார்க்கர் யார்? 1962-இல் அறிமுகமானபோது அவனும் ஒல்லியான பையன். பள்ளியில் ஃப்ளாஷ் தாம்ப்ஸனும் கூட்டாளிகளும் அவனைப் புத்தகப்புழு என்று ஒதுக்கிக் கேலி செய்தார்கள். பலம் வந்ததும் அவன் உலகைக் காப்பாற்றப் போகவில்லை. மல்யுத்த மேடையேறிப் பணம் சம்பாதித்தான், வித்தை காட்டிப் புகழ் தேடினான். கண்முன்னே ஓடிய திருடனைப் பிடிக்காமல், எனக்கென்ன வந்தது என்று நின்றான். அந்தத் திருடன் அவனுடைய பென் மாமாவைக் கொன்ற பிறகுதான் அவன் திருந்தினான். வாசகர்கள் அவனை மன்னித்தார்கள் என்பதோடு நிற்கவில்லை, அந்தத் தவறையே அவனுடைய மேன்மைக்கு அடித்தளமாக ஏற்றுக்கொண்டார்கள்.

அதே தொடரில் கேப்டன் அமெரிக்காவும் இருக்கிறார். 1941-இல் ராணுவம் ஒதுக்கித் தள்ளிய நோஞ்சான் ஸ்டீவ் ரோஜர்ஸ், பலம் வேண்டும் என்று தானாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டவர். நோஞ்சானாக இருந்ததும், பலத்தை விரும்பி வாங்கிக்கொண்டதும் அவருக்கும் ஸ்கீட்டருக்கும் பொது. அவருக்கு ஊசி போட்டது நாடு, அவளுக்குப் பலம் கொடுத்தது டாக்டர் டூம்.

ஆக, 1984-இன் அந்தப் பக்கங்களில் நாம் பார்ப்பது, பள்ளியில் கேலிசெய்யப்பட்ட ஒரு பையன் பள்ளியில் கேலிசெய்யப்பட்ட ஒரு பெண்ணைச் சிரித்தபடி அடிப்பதை. அவனுக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியாது. ஸ்கீட்டருக்கு அப்போது முன்கதை முழுதாக எழுதப்படவே இல்லை. அவளுக்காகச் சாக ஒரு பென் மாமாவையும் யாரும் எழுதவில்லை. தவறு செய்துவிட்டுத் திரும்பி வர ஒரு வழி ஆண் பிள்ளைக்கு முதல் கதையிலேயே திறந்திருக்கிறது. அவளுக்கு அப்படி ஒரு வாசலை வரையவே யாருக்கும் தோன்றவில்லை.

அதற்காக அவளை உத்தமி ஆக்க நான் வரவில்லை. கொடூரமாகவே நடந்துகொள்கிறாள். தன்னை மிதித்தவர்களைப் போலவே, கை ஓங்கியதும் அடுத்தவரை மிதிக்கிறாள். என் ஒன்பதாம் வகுப்புக் கற்பனையும் அப்படித்தான் இருந்தது. அதில் நீதி எதுவும் கிடையாது, அவள் சுவரில் மோதும் சத்தம் மட்டும்தான். என்னைக் கேலி செய்யத் தினமும் அனுமதித்த ஆசிரியரை நான் கற்பனையில்கூடத் தொட்டதில்லை என்பது இப்போது உறைக்கிறது. அடி முழுக்கப் பக்கத்துப் பெஞ்சுக்குத்தான். டைட்டேனியாவும் டூமை அடிப்பதில்லை.

இனி ஷீ-ஹல்க். ஜெனிஃபர் வால்டர்ஸ் 1980-இல் ஸ்டான் லீ, ஜான் புஷெமா கைகளில் பிறந்தவள். ஹல்க் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்த நேரம். அதில் ஒரு பெண் ஹல்க்கை யாராவது உருவாக்கிவிட்டால் உரிமை போய்விடுமே என்று மார்வெல் முந்திக்கொண்டதில் பிறந்தவள். கதைக்குள் அவள் வழக்கறிஞர், ஷெரீஃப் ஒருவரின் மகள். சுடப்பட்டுக் கிடக்கும்போது மாமா மகன் ப்ரூஸ் பேனர் தன் ரத்தத்தைக் கொடுத்துக் காப்பாற்ற, அந்த ரத்தத்தின் வழியே பலம் வருகிறது. அவள் கேட்கவில்லை. குடும்பத்து ஆண் கொடுத்தது, உயிர்பிழைக்க வந்தது. பெண்ணின் பலத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான சான்றிதழ் உண்டா? ஸ்கீட்டர் செய்த முதல் குற்றம் பலத்தை விரும்பியது. என் மாணவி எழுதிய 'பொறாமை' என்ற சொல் இந்த இடத்தை மூடி மறைத்துவிடுகிறது. படிப்பும் வேலையும் அப்பாவின் அதிகாரமும் உள்ளவளிடம் பலம் வந்து சேர்ந்தால் அது விடுதலை. அவை எதுவும் இல்லாதவள் அதையே கேட்டால் பேராசை.

இதற்குப் பிறகான வரலாற்றை வேகமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலும் அதே கதைதான். டைட்டேனியாவுக்கு அப்சார்பிங் மேன் எனப்படும் க்ரஷர் க்ரீலோடு காதல், 1990களில் கல்யாணம். தொட்ட பொருளாகத் தன் உடலை மாற்றிக்கொள்ளும் முரடன் அவன். இந்தத் தம்பதியின் பாசம் உண்மையானது என்று எழுத்தாளர்கள் பலரும் ஒத்துப்போயிருப்பது எனக்குப் பிடித்த விஷயம். 1987-இன் 'அவெஞ்சர்ஸ்' இதழ் ஒன்றில் இருவரும் மருத்துவமனைக்குள் புகுந்து தாக்க, அவர்களை மடக்குவது வாஸ்பும் ஆன்ட்-மேனும். வாஸ்ப் பூச்சி அளவுக்குச் சிறுத்துவிடக்கூடியவள், அப்போது அவெஞ்சர்ஸ் குழுவின் தலைவி. கொசு என்று கேலிசெய்யப்பட்டவள் குளவி ஒருத்தியிடம் தோற்கிறாள். இதை யாரும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, யோசித்திருந்தால் நல்ல கதையாகியிருக்கும். 2004-இல் டான் ஸ்லாட் எழுதத் தொடங்கிய ஷீ-ஹல்க் தொடரில் பிரபஞ்சத்தையே அசைக்கும் ஆற்றல் கல் டைட்டேனியாவுக்குக் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் நேராக ஜெனிஃபரைத் தேடித்தான் வருகிறாள். 2011-இல் 'ஃபியர் இட்செல்ஃப்' கதையில் ஒரு தெய்வச் சம்மட்டி அவளை ஆட்கொள்கிறது. எவ்வளவு பெரிய பலம் வந்தாலும் அதைச் செலவழிக்க இந்தப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட இடம் ஒன்றே: இன்னொரு பெண்ணின் முகம்.

மார்ஷா என்ன ஆனாள் என்று யாராவது கேட்பீர்கள். மாலிக்யூல் மேனைக் காதலித்து அவன் கதைக்குள் போய்விட்டாள். டென்வரிலிருந்து சேர்ந்து வந்த இரண்டு தோழிகளின் நட்பைக் கதை அப்படியே கைவிட்டுவிட்டது. எனக்கு இதுதான் தீராத மனத்தாங்கல். பகைக்கு நாற்பது ஆண்டு, நட்புக்கு ஒரு சில பக்கம்.

2022-இன் ஷீ-ஹல்க் தொலைக்காட்சித் தொடரைத்தான் என் மாணவி பார்த்திருந்தாள். ஜெசிகா காவ் தலைமையில் எழுதப்பட்டது. பெண்கள் மீதான இணையக் கேலியைத் துணிச்சலாகக் கிண்டலடித்த தொடர். அதில் ஜமீலா ஜமீல் நடித்த டைட்டேனியா ஒரு இன்ஃப்ளூயன்ஸர். 'ஷீ-ஹல்க்' என்ற பெயரையே வணிகமுத்திரையாகப் பதிவுசெய்து அழகுசாதனப் பொருள் விற்கிறாள். வழக்கில் ஜெனிஃபர் ஜெயிக்கிறாள். நானும் சிரித்தேன். ஆனால் ஒல்லிப் பெண் ஸ்கீட்டர் அதில் இல்லவே இல்லை. டென்வர் இல்லை, கேலி இல்லை, மார்ஷா இல்லை. மிச்சமிருப்பது மினுக்கும் பொறாமையும் மட்டுமே. உடல் எடையை வைத்துப் பெண்களை மதிப்பிடுவதற்கு எதிராக இயக்கமே நடத்திய ஜமீலாவை அழைத்து வந்து, உடலைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டவளின் கதையை அவரிடம் தராமல் விட்டார்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

விதிவிலக்காக இரண்டு இடங்கள் உண்டு. 2015-இல் ஜேசன் ஆரன் எழுதிய 'தோர்' ஐந்தாம் இதழில் தோரின் சுத்தியலை ஒரு பெண் ஏந்தியிருக்கிறாள். க்ரீல் அவளைப் பார்த்து, பெண்ணியவாதிகள் எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள் என்று புலம்ப, அவள் அவன் தாடையை உடைக்கிறாள். பின்னாலேயே வரும் டைட்டேனியா கணவனைத் தானே அடித்து வீழ்த்திவிட்டு, அந்தப் பெண்மீதுள்ள மரியாதைக்காக இன்றைக்கு மட்டும் சரணடைகிறாள். பெண்ணியம் பேசுகிறேன் பார் என்று கொஞ்சம் உரக்கவே சொல்லும் காட்சிதான். இருந்தும் எனக்குப் பிடித்தது. பலசாலியான இன்னொரு பெண்ணைப் பார்த்ததும் அவள் கை ஓங்காத அபூர்வமான இடம் அது.

மற்றது 2022-இல் ரெயின்போ ரோவெல் எழுதத் தொடங்கிய ஷீ-ஹல்க் தொடர். வழக்கம்போல டைட்டேனியா தெருவில் பாய்கிறாள். ஜெனிஃபர் சலித்துப்போய்ப் பேச ஆரம்பிக்கிறாள். நமக்குச் சண்டைதானே பிடித்திருக்கிறது, நேரம் குறித்து, யாருக்கும் சேதமில்லாத இடத்தில் விளையாட்டாகவே அடித்துக்கொள்வோமே என்கிறாள். டைட்டேனியா ஒப்புக்கொள்கிறாள். தன் முழுப் பலத்தையும் காட்டக்கூடிய ஆள் உலகில் இவள் ஒருத்திதான் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கிறது.

அந்த இதழை என் மாணவிக்குக் கொடுத்தேன். மறுநாள் திருப்பித் தரும்போது கேட்டாள்: "இதை ஏன் மேடம் இவங்க முன்னாடியே பேசிக்கலை?"

1984-க்கும் 2022-க்கும் இடையில் எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முப்பத்தெட்டு என்றாள். தன் கட்டுரையில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ஸ்கீட்டர் என்று எழுதிக்கொண்டாள்.