பதின்பருவ வாசிப்பும் தமிழ் நாவல்களும்: பரிந்துரைக்கான ஓர் அளவுகோல்

தமிழில் சிறுவர் இலக்கியம் என்னும் வகைமை நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. அதன் எல்லை பெரும்பாலும் பன்னிரண்டு வயதோடு முடிவுறுகிறது. அதற்கும் வளர்ந்தோர் நாவலுக்கும் இடைப்பட்ட வயதினர்க்கெனத் தனி வகைமை இங்கு உறுதியாக உருப்பெறவில்லை. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ (1967) வந்த காலத்தில் இவ்வகை தனித்து வளரத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு முதல் அதற்கெனப் பிரின்ட்ஸ் விருதும் வழங்கப்படுகிறது. தமிழிலோ பருவப் பகுப்பு மிகப் பழமையானது. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்பாற் பருவங்கள் ஏழினைப் பாட்டியல் நூல்கள் வகுத்துள்ளன. ஆண்பாற்கும் மீளி, மறவோன், காளை, விடலை முதலிய பெயர்கள் உண்டு. ‘விடலைப் பருவம்’ என்பது இன்றும் வழக்கில் உள்ள தொடரே. பருவத்திற்குப் பெயர் சூட்டிய மொழி, அப்பருவத்தினர் எதைப் படிப்பது என்னும் வினாவை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டது.

அவர்களும் தாமே விடை கண்டனர். அம்புலிமாமாவிலிருந்து பொன்னியின் செல்வனுக்கும், அங்கிருந்து சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளுக்கும் தாவிய வாசகர் தலைமுறைகள் பல. இத்தாவலை இழிவாகக் கருத வேண்டியதில்லை. நீண்ட நூலை முடிக்கும் பழக்கத்தை அது தந்தது. ஆயினும் தன் வயதின் சிக்கலைத் தன் மொழியில் எதிர்கொள்ளும் வாய்ப்பை அது தரவில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் சிறுவர் நாவலுக்குப் புதிய மதிப்பை ஈட்டித்தந்துள்ளது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (விருது 2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (விருது 2023) ஆகியன குறிப்பிடத்தக்கவை. முன்னது குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலையே பொருளாகக் கொண்டது. எனினும் இவை பதின்பருவத்தின் வாயில்வரை அழைத்துச் சென்று நிற்பவை எனலாம்.

ஆகவே பதின்பருவத்தினர்க்கான நூல்களை வளர்ந்தோர் நாவல்களிலிருந்தே தெரிந்தெடுக்க வேண்டியுள்ளது. பரிந்துரைப் பட்டியல்கள் பொதுவாக இரு அளவுகோல்களைக் கொள்கின்றன: ஒன்று, நூல் புகட்டும் நீதி, மற்றொன்று, கதைத்தலைவனின் வயது. முதலாவதன் போதாமை வெளிப்படை. இரண்டாவதும் நம்பத்தக்கதன்று. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) சிறுவன் பாலுவை நடுவில் கொண்டது. ஆயினும் 1930களின் இறுதிக் கோட்டயத்தை நோக்கும் பார்வை முதிர்ந்த ஒருவருடையது. அந்த நிதானத்தைச் சுவைக்க வாசகனுக்கும் முதிர்ச்சி வேண்டும். இங்கு முன்வைக்கப்படும் அளவுகோல் நோக்குநிலை சார்ந்தது. கதைசொல்லி தன் பதின்பருவ மாந்தரைவிட எவ்வளவு மிகுதியாக அறிந்திருக்கிறார்? அந்த இடைவெளி குறையுந்தோறும் அந்நூல் அவ்வயதினர்க்கு உரியதாகிறது.

இவ்வளவுகோலின்படி முதலில் நிற்பது பூமணியின் ‘வெக்கை’ (1982). தன் அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடும் கணத்தில் நாவல் தொடங்குகிறது. கையை மட்டும் எடுக்க நினைத்தவன் உயிரையே எடுத்துவிடுகிறான். அடுத்த எட்டு நாள்கள் தந்தையோடு கரிசல் காட்டில் தலைமறைவு. கொலை முதலிலேயே முடிந்துவிடுவதால், எஞ்சிய பக்கங்களில் எதிர்பார்ப்பு வேறு இடத்திற்கு நகர்கிறது. எங்கே உறங்குவது, எதைச் சமைப்பது, அம்மாவும் தங்கையும் என்ன ஆனார்கள் என்பனவே சிதம்பரத்தின் கவலைகள். ஆசிரியர் கூற்றாகத் தீர்ப்பு எதுவும் வருவதில்லை. தந்தை மகனை வீரனெனக் கொண்டாடுவதுமில்லை, குற்றவாளியெனக் கடிவதுமில்லை. சமமான ஒருவனிடம் போலப் பேசுகிறார். வளர்ந்தவன் ஒருவனால் சமமாக நடத்தப்படுதல் என்பதே பதின்பருவத்தின் மிகப் பெரிய வேட்கை. அதனை இவ்வளவு குறைந்த சொற்களில் நிகழ்த்திக்காட்டிய தமிழ் நாவல் பிறிதொன்றில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

கொலை செய்த சிறுவனின் கதையை மாணவரிடம் கொடுக்கலாமா என்னும் ஐயம் ஆசிரியர்களிடம் எழுவது இயல்பே. இந்நாவலைத் தழுவிய ‘அசுரன்’ (2019) திரைப்படத்தை மாணவர் பலரும் முன்பே கண்டிருப்பர் என்பது ஒருபுறமிருக்க, திரையில் தந்தையே நாயகன் ஆகிவிடுகிறான். மகனின் அச்சத்தையும் தூக்கமின்மையையும் நாவலே தாங்கி நிற்கிறது. வன்முறையின் விலையை அறிய விரும்பும் மாணவனுக்கு நாவல்தான் பாதுகாப்பான வழி.

உண்மையான தடை வேறொன்று. அது கரிசல் வட்டார வழக்கு. தில்லியிலோ பெங்களூரிலோ தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் மாணவன் முதல் பக்கத்திலேயே தயங்குவான். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’க்கும் (2000) இது பொருந்தும். ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனுக்கும் நிலவுடைமையாளர் மகனுக்கும் இடையிலான நட்பு சாதியின் எல்லையில் முறிவதை அதனளவு அருகிருந்து காட்டிய நாவல் அரிது. ஆனால் அதன் கொங்கு வழக்கு வெளிமாநில மாணவனுக்கு எளிதன்று. எனவே தமிழகத்திற்கு வெளியே அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) முதலில் வர வேண்டும். செகந்திராபாத்தில் வளரும் தமிழ் மாணவன் சந்திரசேகரன். கிரிக்கெட்டும் கல்லூரியும் அவன் உலகம். 1948இன் ஐதராபாத் நிகழ்வுகள் அவனுக்குப் புரியாமலே அவனைச் சூழ்கின்றன. தமிழ் வீட்டுமொழியாகவும் தெரு வேறு மொழியாகவும் உள்ள வாசகனுக்கு இவன் அயலான் அல்லன். இறுதிக் காட்சியில், தன் குடும்பத்தைக் காக்கத் தன்னையே ஒப்புக்கொடுக்க முன்வரும் சிறுமியின்முன் அவன் அவமானம் தாளாமல் ஓடுகிறான். அதனைப் பாலியல் காட்சி என ஒதுக்குவோர் அந்த ஓட்டத்தைப் படிக்கத் தவறியவர் ஆவர்.

மேற்கண்ட மூன்றும் ஆண் மாந்தரின் கதைகள் என்பதைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. மாணவியர்க்கென உடனே நினைவுக்கு வருவது இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கல்விமுறை மீதான அதன் குற்றச்சாட்டு கூர்மையானது. ஆயினும் அது ஆசிரியையின் கூற்றாக அமைந்தது. ஆயிஷாவின் அகம் நமக்குக் கிட்டுவதில்லை, அவளது சாவே கிட்டுகிறது. ஆசிரியர் பயிற்சிக்கு அதனினும் சிறந்த நூல் அரிது. மாணவிக்கு அதை முதல் நூலாகத் தருதல் பொருத்தமன்று. மாறாக அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையில் சிறுமியே கதைசொல்லி. தாய் ஊரில் இல்லாத நாளில் பூப்பெய்தி, சுற்றியுள்ளோர் பேச்சால் மருண்டு, தாயின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். தங்கை மகளின் திருமணப் பேச்சு நிறத்தின் காரணமாக முறிந்த வெறுப்போடு திரும்பும் தாய், அந்தச் சொல்லையே ஆயுதமாக்கிவிடுகிறாள். சில பக்கங்களே கொண்ட இக்கதை ஒன்பதாம் வகுப்பிலேயே இடம்பெறத் தக்கது. மாணவியர்க்கு மட்டுமன்று, அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும்.