முடிந்து வைத்த புல்: மலைபடுகடாமும் நம் மலைப்பயணத் திட்டங்களும்

மலையேறப் போகிறவர்களுக்காகத் தமிழில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த வழிகாட்டி எது என்று யாராவது கேட்டால், மலைபடுகடாம் என்றுதான் சொல்வேன். பத்துப்பாட்டில் பத்தாவது. 583 அடிகள். பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, ‘நீங்களும் போங்க, வழி இப்படி இப்படி இருக்கும்’ என்று சொல்வதுதான் மொத்தப் பாட்டும். பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு, ‘கூத்தராற்றுப்படை என்பது இதன் வேறு பெயர்’ என்கிற ஒரு மதிப்பெண் விடையாக இது ஞாபகம் இருக்கலாம். வெளிநாட்டு மலைக்கு இன்று நாம் போடும் திட்டங்களின் பக்கத்தில் வைத்து இதைப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தோன்றக் காரணம் உண்டு. பெரம்பலூரில் நானும் அரியலூரில் மூன்று நண்பர்களுமாக இலங்கையின் சிவனொளிபாதமலைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். எங்களூரிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம், அங்கிருந்து கொழும்புக்கு விமானத்தில் கிட்டத்தட்ட இன்னொரு மணி நேரம். கணக்குப் பார்த்தால் ஊட்டியைவிடப் பக்கம். கொழும்பிலிருந்து ரயிலில் ஹட்டன், பிறகு பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை பருவம். உயரம் 2,243 மீட்டர், படிகள் 5,000க்கு மேல். நடு ராத்திரிக்கு மேல் ஏறத் தொடங்கினால் விடியும்போது உச்சியில் இருக்கலாம். இதெல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது. நாள், நேரம், செலவு, தூரம், தங்குமிடம் என்று கட்டங்கள். நண்பன் அதைத் தன் அப்பாயிக்கு வாசித்துக் காட்டியபோது, அவர் கேட்டது ஒரே கேள்வி: “வழியில யாருடா இருக்கா?”

மலைபடுகடாம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

*

பாட்டு மலையின் அழகிலிருந்து தொடங்குவதில்லை. வாத்தியங்களைப் பைகளில் கட்டிச் சுமந்துவரும் ஆட்களிலிருந்து தொடங்குகிறது. கூட்டத்தில் வரும் விறலியரின் பாதம் கல்லில் பட்டு நொந்து, ஓடிக் களைத்த நாயின் நாக்கைப்போல் இருக்கிறது என்கிறார் கவிஞர். இந்த உவமை பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும்கூட உண்டு. ஆற்றுப்படைக் கவிஞர்களின் பொதுச்சொத்து என்று வைத்துக்கொள்ளலாம். நடப்பவர்களைப் பாட வந்தவர்கள் முதலில் காலைப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து வருவது எச்சரிக்கைகளின் வரிசை. தினைப்புனத்துப் பக்கம் காட்டுப்பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், நன்றாக விடிந்தபிறகு போங்கள். பாம்பு கிடக்கும் குழிகள் இருக்கும், கும்பிட்டுவிட்டு வழியைவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள். யானையை விரட்டக் கவணில் கல் வீசுவார்கள், மரங்களின் மறைவிலேயே நடங்கள். பாசி பிடித்த இடத்தில் கால் வழுக்கும், பக்கத்தில் இருக்கும் மூங்கிலையும் கொறுக்கச்சியையும் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால், சொந்த வீட்டுக்குள் போவதுபோல் குகைக்குள் போய்த் தங்குங்கள்.

இந்த வாக்கியங்கள் எல்லாம் ‘-மின்’ என்று முடியும் ஏவல்கள். கழிமின், வதிமின், தொடுமின். கேட்பவர்கள் எதிரிலேயே நிற்கிறார்கள். அவர்களுடைய கால், அவர்களுடைய பசி, அவர்களுடைய சுமை எல்லாம் சொல்பவருக்குத் தெரியும். அதனால் மலையில் என்ன இருக்கிறது என்பதும் அதற்கு நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

வழி தவறிவிட்டால்? எல்லோரும் ஒன்றாகப் பாறையில் கூடி வாத்தியத்தை வாசியுங்கள் என்கிறார். காட்டைக் காத்து நிற்கும் கானவர், யாரோ ஆற்றில் அடித்துப்போகிறார்கள் என்று கேட்ட மாதிரி ஓடிவருவார்கள். தின்னக் கொடுப்பார்கள், முன்னால் நடந்து வழி காட்டுவார்கள். ஜிபிஎஸ் வேலை செய்யாத இடத்தில் இன்றைக்கும் விசில் ஊதத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் விசில் சத்தம் யார் காதில் விழும் என்பதை எந்தக் கையேடும் இவ்வளவு நம்பிக்கையோடு சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பாட்டின் பெயருக்குக் காரணமான பகுதியும் காதால் ஆனதுதான். மலையை ஒரு யானையாக வைத்து, அதில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்கிறார். அருவி, தேன் எடுப்பவர்களின் ஆரவாரம், தினை குற்றும் பெண்களின் பாட்டு. புலி கிழித்த கணவனின் மார்புப் புண் ஆறுவதற்காக மனைவி பாடும் பாட்டும் அதில் ஒன்று. எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்தது, இயற்கையின் ஓசையும் மனிதர்களின் வலியும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிக்கப்படவில்லை என்பது. மலை என்றால் இரண்டும் சேர்ந்ததுதான்.

பிறகு அந்தப் புல். பாதைகள் பிரியும் இடம் வந்தால், சரியான பாதையில் தரையைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். பின்னால் வருகிறவர்களுக்கு. கூத்தர் இவர்களுக்கு வழி சொல்கிறார், இவர்கள் முகம் தெரியாத அடுத்த ஆட்களுக்கு வழி சொல்ல வேண்டும். ஆற்றுப்படை என்ற வகைமையின் அறம் மொத்தமும் அந்த முடிச்சில் இருப்பதாக நினைக்கிறேன்.

*

ஐரோப்பாவில் மலையேற்ற எழுத்தின் தொடக்கமாக அடிக்கடி காட்டப்படுவது பெட்ரார்க் எழுதிய கடிதம். 1336 ஏப்ரலில் பிரான்ஸின் வான்தூ மலையில் ஏறியதைப் பற்றியது. அதிலும் திட்டம் போடும் இடம் சுவாரஸ்யமானது. யாரைக் கூட்டிப் போகலாம் என்று நண்பர்களை ஒவ்வொருவராக எடைபோட்டு, இவன் சோம்பேறி, அவன் அவசரக்காரன் என்று கழித்துக் கடைசியில் தம்பியைத் தேர்ந்தெடுக்கிறார். வழியில் வயதான ஆயர் ஒருவர், ‘நானும் ஒரு காலத்தில் ஏறினேன், வேண்டாம்’ என்று தடுக்கிறார். இவர்கள் கேட்கவில்லை. உச்சியில் பெட்ரார்க் அகஸ்டினின் புத்தகத்தைத் திறந்து படித்துவிட்டுத் தன் உள்ளத்தைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்.

அந்தத் திருப்பம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து வந்த பயண எழுத்தில் மலை என்பது ‘நான்’ எதையோ கண்டுபிடிக்கும் இடமாகிவிட்டது. இன்று தமிழில் வரும் பயணக் கட்டுரைகளிலும் யூடியூப் வீடியோக்களிலும் பெரும்பாலானவை அந்த வழிதான். மூச்சு வாங்கியது, கண் கலங்கியது, வாழ்க்கை புரிந்தது. எந்தப் படியில் கைப்பிடி இல்லை என்ற தகவல் மட்டும் ஆப்புகளுக்குப் போய்விட்டது. தகவல் ஒரு பக்கமும் உணர்ச்சி இன்னொரு பக்கமும் பிரிந்துபோனதில் இரண்டுமே இளைத்துவிட்டன. பெருங்கௌசிகனாரின் கூத்தர் தன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அவர் எந்தப் பாறையில் வழுக்கினார் என்பது நமக்குத் தெரியாது. எந்தப் பாறை வழுக்கும் என்பது தெரியும். நவீனத் தமிழில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருபவர் ஏ.கே. செட்டியார். உலகத்தைச் சுற்றியவர், தன்னைப் பற்றிக் குறைவாகவே பேசியவர்.

பெட்ரார்க்குக்கு எட்டு வருடம் கழித்து, 1344இல், இப்ன் பதூதா சிவனொளிபாதமலைக்குப் போகிறார். அவரை அனுப்பிவைத்தது ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் அரசர். பல்லக்கு, வருடாவருடம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசரின் ஆட்கள் பத்துப் பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்கப் பதினைந்து பேர். இதுதான் அவருடைய திட்டம். ஆதம் பாதை, ஏவாள் பாதை என்று இரண்டு வழிகள் இருப்பதையும், பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருப்பதையும் எழுதிவைக்கிறார். அந்தப் பதினைந்து பேரின் பெயர் அவர் எழுத்திலும் இல்லை. ஆனால் எண்ணிக்கையாவது இருக்கிறது.

*

மலைபடுகடாமை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அது புகழ்ப்பாட்டு. ‘வழியெல்லாம் சோறு கிடைக்கும்’ என்பதற்கு ‘நன்னன் நாடு அவ்வளவு நல்ல நாடு’ என்ற அர்த்தமும் இருக்கிறது. கானவர், ஆயர், உழவர் என்று யாரைப் பார்த்தாலும் உபசரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அன்று என்ன இருந்தது, முகம் சுளித்தவர்கள் இருந்தார்களா என்பதெல்லாம் பாட்டில் இல்லை. அரசனுக்கு விளம்பரம் என்றே வைத்துக்கொண்டாலும், வழுக்கும் இடத்தையும் பாம்புக் குழியையும் மறைக்காத விளம்பரம் இது. இன்றைய டூர் பேக்கேஜ் நோட்டீஸைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

இந்தத் தயக்கம் எங்கள் பயணத்துக்கும் பொருந்தும். நல்லதண்ணிக்குப் போகும் வழியெல்லாம் தேயிலைத் தோட்டங்கள். அங்கே லயன் வீடுகளில் இருப்பவர்களின் முன்னோர்கள், 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் கங்காணிகள் கூட்டிப்போனவர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். எங்கள் பெரம்பலூர் 1995 வரை திருச்சி மாவட்டம்தான். ‘கண்டிச்சீமை’ என்ற சொல் எங்கள் ஊர்க் கிழவிகளுக்குப் புத்தகச் சொல் கிடையாது. அப்பாயியின் கேள்வியை நான் அங்கிருந்துதான் கேட்கிறேன்.

அவர்களுக்கும் ஒருவர் வழி சொல்லித்தான் அனுப்பினார். தேயிலைச் செடிக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டிய கதை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். அது ஆற்றுப்படையின் தலைகீழ் வடிவம். பரிசைப் பெரிதாக்கிப் பாம்புக் குழியை மறைத்தது. அந்த மலையைத் தோட்டக் கூலியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் மருதியோடு போக வேண்டும். பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தது.

இந்தப் பின்னணியில், சிவனொளிபாதமலை பற்றிய நம் வீடியோக்களில் தேயிலைத் தோட்டம் ‘பச்சைக் கம்பளம்’ ஆக மட்டும் வந்துபோவது எனக்கு இலக்கியக் குறையாகவே படுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஃபிரேமின் ஓரத்தில் நிறமாக நிற்கிறார்கள். அவர்கள் பேசுவது நம் மொழி. அவர்களிடம் வழி கேட்கலாம், ஊர் கேட்கலாம். இதைச் செய்யாத பயணக் கட்டுரையில் மலையின் பாதி ஓசை கேட்பதில்லை. நான்கு மதத்தினர் அந்த ஒற்றைப் பாதச்சுவட்டை நான்கு விதமாகச் சொல்வதை விரிவாக எழுதுகிறோம். பக்கத்து லயனில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

அந்த மலையிலேயே பழைய வழக்கங்கள் மிச்சம் இருக்கின்றன. புத்தர் கிழிந்த சீவரத்தைத் தைத்ததாகச் சொல்லப்படும் இடத்தில் யாத்திரிகர்கள் ஊசி நூலைக் காணிக்கையாக வைக்கிறார்கள், வெள்ளை நூலைப் பாதையோரம் நீட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ‘கருணாவயி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். உச்சியில் எத்தனையாவது முறை வந்திருக்கிறோமோ அத்தனை முறை மணி அடிக்கிறார்கள். இறங்கி வருகிறவர் ஏறுகிறவரிடம் பேசுவதுதான் மலைபடுகடாமின் அடிப்படைக் காட்சியும். நன்னன் மலை என்று இன்று அடையாளம் காட்டப்படும் பர்வதமலைக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவில் கடல் இருக்கிறது. இருந்தாலும் இந்தப் பேச்சு இரண்டுக்கும் பொது.

அடுத்து வரும் தமிழ்ப் பயணக் கட்டுரையில் நான் தேடப்போவது இதைத்தான்: எனக்குப் பின்னால் வருகிறவருக்கு இது எந்த வகையில் உதவும், வழியில் இருப்பவர்கள் இதில் பேசுகிறார்களா? பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சா. 1889இல் அச்சேற்றினார். உரையோடு மெதுவாகப் படித்தால் மலைபடுகடாமுக்கு ஒரு முழு மதியம் ஆகும். எங்கள் ஷீட்டில் இப்போது ‘வழியில் யார்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. போய்ப் பேசினால்தான் அது நிரம்பும்.