தோட்டம் என்னும் சொல்

அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் வெளிவந்தபோது, கேட்டோருட் பலர் அதனைத் துள்ளலிசையாகவே கொண்டாடினர். அட்டன், நுவரெலியாச் செவிகளுக்கோ அதில் ஒப்பாரியும் கேட்கும். பாடலுக்கு ஊற்றாயமைந்த அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அதில் வரும் ‘தோட்டம்’ பிறர்க்குச் சோலை. மலையகத்தார்க்கோ பிறந்தும் உரிமையாகாத மண். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்தம் விருப்பத்தை எவரும் கேட்டிலர். ஆகவே, வளர்த்தவர்க்கே விளைவு கிட்டாத முறையீடு இங்கு உவமையன்று; வரலாறு.

அவ்வாறாயின் துள்ளல் பிழையோ? அன்று. சாவீட்டிலும் திருவிழாவிலும் தப்பு முழங்கும் லயத்து வாழ்வில், அமெரிக்கக் கறுப்பரின் சோல் இசையிற்போலவே, துயரும் ஆட்டமும் பகையல்ல. ஆயினும், ஆட்டத்தோடு நின்றுவிடும் செவி பாடலிற் பாதியையே கேட்டதாகும்.