ஏயும் இசட்டும் எந்தத் தெரு?

1860ஆம் வருட இந்தியத் தண்டனைச் சட்டத்தை நான் ஒரு கதைத் தொகுப்பாகவே வாசித்து வருகிறேன். பிரிவுகளுக்குக் கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் குட்டிக் கதைகள். 98ஆவது பிரிவின் கதை இது: உரிமையுள்ள வீட்டுக்குள் ஏ இரவில் நுழைகிறான். கன்னம் வைக்க வந்தவன் என்று உண்மையாகவே நம்பி இசட் அவனைத் தாக்குகிறான். இசட் மீது குற்றமில்லை. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளத் திருப்பித் தாக்க ஏ-க்கும் உரிமை உண்டு. 2024 ஜூலை 1இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது; பிரிவு 36 ஆயிற்று, கதை அப்படியே இருக்கிறது.

இரண்டு பேருமே நிரபராதிகள். சரி, ஒருத்தன் செத்துப்போனால்? பிரதி அங்கே வாயைத் திறப்பதில்லை.

2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் இந்தக் கதை நடந்தே விட்டது. ராத்திரி நேரம் கதவு திறந்து கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குச் சொல்கிறார், அக்கறையில்தான். வெளியே சத்தம் கேட்டு வீட்டிலிருந்த 28 வயதுக் கறுப்பினப் பெண் தன் துப்பாக்கியை எடுக்கிறார். தான் போலீஸ் என்றே சொல்லாமல் ஜன்னல் வழியே சுட்டுவிடுகிறார் வந்த அதிகாரி. சொந்த வீட்டில், எட்டு வயது சகோதரி மகன் கண்ணெதிரே சாவு. 2022இல் அதிகாரிக்குப் பதினோரு வருடத்துக்கு மேல் சிறை.

நம்மூர்க் கதைக்கு ராத்திரிகூடத் தேவைப்படவில்லை. 2011 ஜூலை 3, சென்னை. இராணுவ அதிகாரிகள் குடியிருப்புக்குள் வாதாங்கொட்டை பொறுக்கப் போன 13 வயதுக் குடிசைப்பகுதிப் பையனை, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். 2012இல் ஆயுள் தண்டனை. சட்டத்தில் குழப்பமே இல்லை: அத்துமீறி நுழைந்ததற்காக மட்டும் கொல்ல முடியாது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ 'நியாயமான அச்சம்' இருந்தாக வேண்டும்.

தற்காப்புரிமையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பணிந்தே கிடப்பவர்கள் எதிர்த்து நிற்கட்டும் என்றுதான் மெக்காலேயின் குழு இதைத் தாராளமாக எழுதியது. 2012இல் மதுரையில், மகளைக் காப்பாற்றக் கணவனை அடித்துக் கொன்ற பெண்ணைப் போலீஸ் 100ஆவது பிரிவைக் காட்டி விடுவித்ததே, அது இந்த உரிமையின் சரியான வாசிப்பு.

என் சிக்கல் அந்த 'நியாயமான' என்ற சொல்லோடுதான். அச்சம் ஏதோ அந்த நொடியில், ஒரு தனிமனிதன் மனசில் முளைப்பதுபோலச் சட்டம் அதை நிறுத்துப் பார்க்கிறது. எங்க மல்லாங்கிணறு பக்கம் வேலி தாண்டிக் கொடுக்காப்புளி பறிக்காத பிள்ளை கிடையாது. பிடிபட்டால் முதல் கேள்வி, 'எந்தத் தெருடா நீ?' வெறும் வசவா, மரத்தில் கட்டிவைத்து அடியா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. யார் களவாணி என்பது பையன் வேலியைத் தொடும் முன்பே முடிவாகிவிடுகிறது.

ஏ-க்கும் இசட்டுக்கும் தெரு இல்லை, சாதி இல்லை, நிறமில்லை. செத்தவர்களுக்கு இருந்தது. பயந்தேன் என்று ஒருவர் கூண்டில் நின்று சொல்லும்போது, இந்த உடம்பைப் பார்த்துப் பயப்பட உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இன்றுவரை சட்டத்தில் பிரிவு கிடையாது.