காஞ்சி யோகினியரும் காட்சிச்சாலைக் குறிப்பும்

பழம்பொருட் காட்சிச்சாலையொன்று புதிதாக ஒரு திருவுருவைச் சேர்த்துக்கொண்ட செய்தி வெளிவருந்தோறும் அதன் உயரம், கல்லின் வகை, காலம், வேலைப்பாட்டின் நேர்த்தி ஆகியன விரிவாகக் கூறப்படுகின்றன. அஃது எவ்வூரில், எத்திசை நோக்கி, எவ்வுருவங்களின் பக்கத்தில் எழுந்தருளியிருந்தது என்னும் வினாவிற்கோ, 'தென்னிந்தியா' என்றேனும், மிகுந்தால் 'காஞ்சிபுரம் பகுதி' என்றேனும் ஒரு சொல்லே விடையாக நிற்கின்றது. இக்குறை எத்துணைப் பெரிதென்பதற்கு ஏனாத்தூரில் இருக்கும் நமக்கு வேற்றிடத்துச் சான்று வேண்டா. காஞ்சியின் யோகினியரே போதிய சான்றாவர்.

பல்லவர் பழம்பொருள்களை ஆராய்ந்து புகழ்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய், 1926-இல் காஞ்சிச் சுற்றுப்புறத்துக் கற்றிருமேனிகள் சிலவற்றைப் பாரிசு நகரத்துக் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூ என்பாருக்கு அனுப்பினார். அவை 10-ஆம் நூற்றாண்டின. விரிசடையும் பல கைகளும் உடையனவாய் அமர்ந்த கோலத்துப் பெண்ணுருவங்கள். அவ்வணிகர்வழி அவை பிரிந்து சென்றன. இன்று வாசிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிசு, கான்சாசு நகரம், டொரன்டோ, இலண்டன், பாரிசு ஆகிய இடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. சில சென்னை அரசுக் காட்சிச்சாலையில் உள்ளன. ஒரு குடும்பத்துப் பெண்டிர் கடல்கடந்து தனித்தனி வீடு புகுந்தாற் போன்றதே இது. அம்மையார் பத்மா கைமல் இவற்றின் செலவை ஆராய்ந்து 2012-இல் ஒரு தனிநூலே எழுதினார். எனினும் இவர்கள் ஒருங்கு வீற்றிருந்த கோயில் நின்ற இடம் இன்னும் துணியப்படவில்லை.

ஒடியத்து ஈராப்பூரில் யோகினியர் கோயில் கூரையில்லா வட்டமாக இன்றும் நிற்கின்றது. ஆண்டுச் சென்றார்க்கு ஒரு தேவிக்கு அடுத்தவள் யார், நடுவில் நிற்பது எது என்பன கண்கூடு. காஞ்சித் தேவியரிடத்து அவ்வரிசை அழிந்தது. வரிசை அழியவே வழிபாட்டு முறையும் உடன் அழிந்தது என்க.

'யோகினி வழிபாடு நம் சித்தாந்தத்திற்குப் புறம்பு. அதுபற்றி நமக்கென்ன கவலை?' என்று வினவுவார் உளர். வாமத்தையும் வைரவத்தையும் நம் ஆசிரியன்மார் அகப்புறச் சமயங்களுள் வைத்தெண்ணினர். எண்ணி மறுத்த சமயத்தின் கோயிலமைப்பை அறியாதார் அம்மறுப்பின் பொருளையும் முற்ற அறியார். 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காபாலிகனையும் பாசுபதனையும் காஞ்சி வீதியிலேயே நடமாட விடுகின்றது. அஃது எள்ளல் நாடகமாதலின் அதனை முழுச்சான்றாகக் கொள்ளல் இயலாது. அவ்வழியினரொடு உறவுடைய வழிபாடு முந்நூறாண்டு கழித்தும் இந்நாட்டில் எந்நிலையில் இருந்தது என்பதற்குக் கல்லிற் கிடைத்த சான்று இத்தேவியர். அவர்தம் இருப்பிடம் தெரியாமற் போனது சைவ வரலாற்றுக்கே இழப்பாகும்.

'வெளிநாடு சென்றமையாலன்றோ அவை உடையாது பிழைத்தன?' எனின், கல் பிழைத்தது, தலம் பிழைக்கவில்லை. ஆலயத்தையே அரனெனக் கண்டு தொழுக என்று சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதிக்கும். திருமேனி ஆலயத்தின் உறுப்பு. உறுப்பை மட்டும் எடுத்து வைத்து, இதுவே முழுமை என்று குறிப்பெழுதுதல் ஆராய்ச்சியாகாது. சென்னையில் உள்ளவற்றிற்கும் இக்குறை ஒக்கும். ஆதலின் கடல்கடந்தார்மேல் மட்டும் பழி சுமத்துதல் நேரியதன்று.

இருந்த இடத்திலேயே குறித்துவைத்தல் என்ன பயன் தரும் என்பதற்குப் புதுச்சேரியையே நோக்குக. 1955-இல் ஆண்டு நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவாகம ஏடுகளைத் தொகுத்ததோடு ஊரூராகச் சென்று திருமேனிகளை நிழற்படமும் எடுத்தது. அன்று அதனை வீண்வேலை என்று எண்ணினாரும் இருந்திருப்பர். ஆத்திரேலிய நாட்டுக் காட்சிச்சாலையொன்று 2008-இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய ஆடவல்லான் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்டவர் என்பதை அப்படமே காட்டிற்று. சிட்னிக் காட்சிச்சாலை 2004-இல் வாங்கிய விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர்க்கும் அவ்வாறே. இருவரும் 2014-இல் மீண்டனர். பெருவிலை கொடுத்தோர் காணாததை ஒரு நிழற்படம் கண்டது! 1926-இற் சென்ற தேவியர்க்கு அத்தகைய படம் இருந்திருப்பின் அவர்தம் கோயிலை இன்று நாம் தேடவேண்டியதில்லை.

களவாய்வு என்பது பெயரொற்றுமையைக் கொண்டு துணிவதுமன்று. எம்மூர்ப் பெயரைக் கேட்டவுடன் ஏனாதிநாத நாயனார் பதி இதுவே என்பாரைக் கண்டிருக்கின்றேன். அவர் பதி சோணாட்டு எயினனூர் என்று சேக்கிழார் பெருமான் ஐயத்துக்கிடமின்றிக் கூறியிருக்கவும் இப்பேச்சு ஓயவில்லை. ஊரின் ஒலியை நம்பி வரலாறு எழுதினால் விளைவு இதுதான்.

ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் உளது. வடமொழி பயில்வாரும் உளர். மாதவச் சிவஞான யோகிகள் அருளிய காஞ்சிப் புராண முதற்காண்டத்தைக் கைக்கொண்டு, காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களின் ஏரிக்கரைகளிலும் அரசமரத்தடிகளிலும் சிதைந்த கோயில்களிலும் உள்ள உருவங்களை அவர்கள் நடந்து சென்று குறிக்கவேண்டும். எதனையும் பெயர்த்தெடுத்தல் கூடாது. கிடக்கும் இடம், நோக்கும் திசை, அளவு, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதி, படமெடுத்துக்கொண்டு மீளுதலே போதும். மேற்கூறிய காட்சிச்சாலைகளும் தம்மிடமுள்ள தேவியரின் முன்னழகை மட்டும் அச்சிடாது, பீடத்தின் அடிப்புறத்தையும் முதுகுப்புறத்தையும் அளந்து ஒரே ஏட்டில் ஒருங்கு வெளியிடுவனவாக. அதன்பின் ஏதேனும் ஒரு வயல்வரப்பில் உடைந்த பீடக்கல்லொன்று அகப்பட்டால், அஃது எத்தேவியின்கீழ் இருந்ததென்று ஒப்பிட்டுக் காண இயலும்.