‘கூறப்படுகிறது’: செய்தி மேசையும் இஸ்னாத் கலையும்

செய்தித்தாளில் பெயர் அச்சாகாத பணி ஒன்று உண்டு. களத்திலிருந்து செய்தியாளர் அனுப்புவதை வாங்கிப் படித்து, மிகையை வெட்டி, ஐயம் தோன்றினால் திருப்பிக் கேட்டு, தலைப்பிட்டுப் பக்கத்தில் அமர்த்துபவர் துணை ஆசிரியர். அலுவலகப் பேச்சில் சப் எடிட்டர். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கட்டிங்கிற்கும் பவர் டேபிளுக்கும் பிறகு, பேக்கிங்கிற்கு முன்னர், செக்கிங் மேசை ஒன்று இருப்பதை அவ்வூர் வாசகர்கள் அறிவர். தையல் விட்ட பீஸ் அம்மேசையில் நின்றுவிட வேண்டும். நில்லாது போனால் சரக்கு கப்பலேறிய பின்னரே குறை தெரியவரும். செய்தித்தாளில் அம்மேசை துணை ஆசிரியருடையது. 2023 மார்ச் முதல் வாரத்தில் அதே திருப்பூரை முன்னிட்டு எழுந்த வதந்தியின் அரசியல் குறித்து நிறையவே எழுதியாயிற்று. அதனைச் செய்தி மேசையின் பக்கம் நின்று, ஹதீஸ் கலை தந்த கருவிகளைக் கொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்ற கூற்றுடன் காணொளித் துண்டுகள் வடமாநிலங்களில் பரவின. மார்ச் 1 அன்று பீகாரின் அன்றைய துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் சென்னையில் மு.க. ஸ்டாலினின் பிறந்தநாள் விழாவில் கலந்துகொண்டிருந்தார். வதந்தி பாட்னா சட்டமன்றத்தில் அமளியாக மாறுவதற்கு அது போதுமானதாயிற்று. இந்தி நாளேடுகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றான தைனிக் பாஸ்கர், இந்தி பேசியதற்காகத் தாலிபான் பாணியில் தாக்குதல் நடப்பதாகவும், பதினைந்து பேர் கொல்லப்பட்டதாகவும் செய்தி வெளியிட்டது. ஆப்இந்தியா இணையதளம் அதனை எடுத்தாண்டது. உத்தரப் பிரதேச பா.ஜ.க. பேச்சாளரும் வழக்கறிஞருமான பிரசாந்த் உம்ராவ், பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டதாக ட்விட்டரில் எழுதினார். தமிழகக் காவல்துறையின் அன்றைய தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு இவற்றை மறுத்தார். பரவிய காணொளிகளுள் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள் மோதிக்கொண்டது என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகளிடையே நிகழ்ந்த மோதல் என்றும், இரண்டும் முன்னரே நடந்தவை என்றும் விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு சென்னை, திருப்பூர், கோவை ஆகிய ஊர்களில் விசாரித்துவிட்டு, வதந்தியே அச்சத்திற்குக் காரணம் என்ற தெளிவுடன் திரும்பியது.

பதினைந்து பேர் என்கிறது ஓர் அறிவிப்பு. பன்னிரண்டு பேர் என்கிறது மற்றொன்று. ஓரிடத்தில் வெட்டு, வேறிடத்தில் தூக்கு. ஒரே நிகழ்ச்சி குறித்த அறிவிப்புகள் ஒன்றையொன்று விஞ்சவியலாதவாறு முரண்படுமாயின் அதனை ‘முள்தரிப்’ என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமானவற்றுள் சேர்ப்பர். செய்தி மேசையில் அமர்ந்திருந்தவர் திருப்பூருக்குப் போயிருக்க வேண்டியதில்லை; தமிழ் அறிந்திருக்கவும் வேண்டியதில்லை. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தாலே எழுதுகோல் நின்றிருக்கும். பதினைந்து பேர் இறந்தனர் எனில் பதினைந்து பெயர்கள் எங்கே, எந்த மருத்துவமனை, எந்தக் காவல் நிலையம், உடல்கள் எந்த வண்டியில் ஊர் வந்தன என்று கேட்பதற்கு ஒரு தொலைபேசி போதும்.

ஆரம்ப காலத்தில் மக்கள் இஸ்னாதைக் கேட்டதில்லை. ஃபித்னா நேர்ந்த பின்னரே, சொன்னவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்கலாயினர் என்ற கருத்தை இப்னு சீரீன் (ரஹ்) கூறியதாக இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். கலகம் மூண்ட காலத்தில்தான் ‘உனக்குச் சொன்னவர் யார்?’ என்னும் கேள்வி ஒரு கலையாக வளர்ந்தது என்பது இங்கே நம் கவனத்திற்குரியது. 2023 மார்ச்சில் அக்கேள்வியைக் கேட்க வேண்டியிருந்த இடத்தில் கேட்பவர் இல்லை. நூற்றுக்கணக்கான கணக்குகளில் ஒரே செய்தி காணப்பட்டது. எனவே அது பலரால் அறிவிக்கப்பட்டது என்ற தோற்றம் உண்டாயிற்று. நம் வகுப்பில் ‘நுக்பத்துல் ஃபிகர்’ பாடம் நடக்கையில் இச்செய்தியின் நகல்களை மாணவர்களிடம் கொடுத்தோம். அவர்களுள் ஒருவர், “ஹஜ்ரத், ஐம்பது பேர் சொன்னாலும் அந்த ஐம்பது பேரும் ஒருவரிடமிருந்தே எடுத்திருந்தால் அது முதவாதிர் ஆகுமா?” என்று கேட்டார். ஆகாது. சங்கிலிகள் எத்தனை கிளைத்தாலும் அவை கூடும் இடத்தில் ஒருவரே இருப்பாராயின் அவரே ‘மதார்’. செய்தியின் தரம் அவருடைய தரத்தைத் தாண்டாது. இணையச் செய்தித் தளங்களில் இன்று ஐம்பது தலைப்புகளாக விரிவனவற்றுள் எத்தனை ஒரே தொலைபேசி உரையாடலில் போய்க் கூடுகின்றன என்பதை வாசகர்களே ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் மொழி பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. தமிழ்ச் செய்திகளில் ‘கூறப்படுகிறது’, ‘சொல்லப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘தகவல் வெளியாகியுள்ளது’ ஆகிய முடிபுகள் நாளும் நம் கண்ணில் படுகின்றன. யார் கூறினார், யாருக்குத் தெரிகிறது, எங்கிருந்து வெளியானது என்பன வாக்கியத்தில் இல்லை. அரபியிலும் இத்தகைய செயப்பாட்டு வினைகள் உண்டு: ‘ருவிய’, ‘துகிர’, ‘கீல’. ஹதீஸ் அறிஞர்கள் இவற்றிற்கு ‘ஸீகத்துத் தம்ரீள்’, அதாவது நோய்ப்பட்ட சொல்லமைப்பு, எனப் பெயரிட்டனர். உறுதியான செய்தியைச் செய்வினையில் உறுதியாகச் சொல்ல வேண்டும். பலவீனமானதை இந்த அமைப்பில்தான் சொல்ல வேண்டும். இதனைப் பேணாது பலவீனமானதை உறுதி வினையால் எழுதும் நூலாசிரியர்களை இமாம் நவவி (ரஹ்) கடிந்துள்ளார். அங்கே செயப்பாட்டு வினை வாசகருக்காக இடப்பட்ட எச்சரிக்கைக் குறி. படித்தவர் உடனே, ‘இதில் குறை இருக்கிறது, நம்பி அமல் செய்யக் கூடாது’ என உணர்ந்துகொள்வார். நம் நாளேட்டில் அதே வினை எழுதியவருக்குக் கேடயமாக இருக்கிறது. நாளை வழக்கு வந்தால், ‘நாங்கள் சொல்லவில்லை, கூறப்படுகிறது என்றுதான் எழுதினோம்’ என்று தப்பிக்கொள்ளலாம். வாசகர் அதனை எச்சரிக்கையாகப் படிப்பதில்லை. செய்தி எழுதும் வழக்கமான நடை என்றே படித்துச் செல்கிறார். தலைப்பிலோ அந்தக் ‘கூறப்படுகிறது’வும் உதிர்ந்துவிடும். இடமில்லை என்பார்கள், இணையத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. செய்தியில் நோய்ப்பட்டிருந்த சொல், தலைப்பில் திடகாத்திரமாக எழுந்து நிற்கும் இந்த மாற்றம் துணை ஆசிரியரின் கையால்தான் நடைபெறுகிறது.

காணொளி வந்த பின் சாட்சியத்திற்குக் குறைவில்லை, கண்ணால் கண்டதாயிற்றே என்பாரும் உளர். ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்திற்குப் பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்கள் கூறும் நிகழ்ச்சியை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். பனுல் முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட வலீத் பின் உக்பா, அம்மக்கள் திரண்டு எதிரே வருவதைக் கண்டார். தம்மைக் கொல்ல வருவதாக எண்ணித் திரும்பி, அவர்கள் தர மறுத்துவிட்டனர் என்றார். அவர்கள் வந்ததோ வரவேற்பதற்காக. (இந்நிகழ்ச்சியின் இஸ்னாத் குறித்தே அறிஞர்களிடையே பேச்சு உண்டு, விசாரிக்கச் சொல்லும் வசனத்தின் பின்னணியும் விசாரணைக்கு உட்பட்டது நமக்கு மகிழ்ச்சியே.) கூட்டம் வந்தது மெய், கண்டதும் மெய், கண்டதற்குக் கொடுத்த பொருள் பொய். 2023 மார்ச் 8 ஹோலி. ஆண்டுதோறும் அப்பண்டிகைக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் செல்வது வழக்கம். ரயில் நிலையங்களில் நின்ற அந்தக் கூட்டம் உயிருக்கு அஞ்சி ஓடுவோரின் கூட்டமாகத் தலைப்புப் பெற்றது. வதந்தி முற்றிய பின் மெய்யாகவே அஞ்சிப் புறப்பட்டவர்களும் அதில் கலந்தனர் என்பதுதான் கொடுமை. பொய்ச் செய்தி தனக்கு வேண்டிய சான்றைத் தானே உண்டாக்கிக்கொண்டது. திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் ஒருவர் தண்டவாளத்தில் இறந்து கிடந்ததும் இதே நாட்களில்தான். சக தொழிலாளர்கள் கொலை என ஐயுற்றுத் திரண்டனர். அவர் தண்டவாளத்தைக் கடக்கையில் ரயில் மோதியது கண்காணிப்புக் கேமராப் பதிவில் தெரிந்தது. கூட்டம் கலைந்தது, பதிவு இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறோம்.

அவ்வசனத்தில் ‘ஃபதபய்யனூ’ என்று பெரும்பாலோர் ஓதுவர். ஹம்ஸா, கிஸாஈ முதலானோரின் கிராஅத்தில் ‘ஃபதஸப்பதூ’ என்று வரும். முன்னதற்குத் தெளிவாக்கிக்கொள்ளுதல் என்பது பொருள். பின்னதற்கு நிலைத்து நிற்றல், அவசரப்படாதிருத்தல். செய்தி மேசையின் இரு கடமைகளும் இவ்விரு ஓதல்களுக்குள் அடங்கிவிட்டன எனலாம். முதலாவதற்கு ஆளும் காலமும் வேண்டும். இரண்டாவதற்கு அவையும் வேண்டா, துணிவு மட்டும் போதும். ஆயினும் அதுதான் இன்று அரிதாயிருக்கிறது.

வடக்கே நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூரிலிருந்தே ஒரு காணொளி கிளம்பியது. பெல்ட்டும் தடியுமாகச் சிலர் வேறு சிலரை விரட்டும் காட்சி. வடமாநிலத்தார் தமிழர்களை அடித்து விரட்டுகின்றனர் என்ற பொருளில் தமிழ்த் தொலைக்காட்சிகளும் இணையதளங்களும் பல அதனை ஓயாது காட்டின. அது பொங்கலை ஒட்டிய நாளில் தேநீர்க்கடை அருகே எழுந்த தகராறின் தொடர்ச்சி என்றும், சில நாட்கள் கழித்தே காணொளி பரவியது என்றும் காவல்துறை விளக்கிற்று; பீகாரைச் சேர்ந்த இருவர் கைதும் ஆயினர். தகராறு நடந்தது உண்மை. எப்போது, எதனால், முதலில் கை நீட்டியவர் யார் என்ற மூன்றையும் நீக்கிவிட்டு, இனத்தின் பெயரை மட்டும் தலைப்பில் வைத்தது தமிழ் மேசை. அதே காட்சியின் இனப்பெயர்களை இடம் மாற்றி வைத்தால் மார்ச் மாத இந்திச் செய்தி கிடைத்துவிடும். சமயப் பெயரோடு குற்றச் செய்தி வெளியாவதன் வலியை நம் சமுதாயம் நெடுநாளாக அறியும். மாநிலப் பெயரோடு வெளியாகும்போது மட்டும் நம்மவர் கைகள் அதை விரைந்து அனுப்புவானேன்? மார்ச் வதந்தியைப் பரப்பியதாகத் திருப்பூரில் வழக்குப் பதிவானவற்றுள் பாஸ்கர் ஆசிரியர் மீதானது ஒன்று; தன்வீர் போஸ்ட் என்ற முஸ்லிம் பெயர் தாங்கிய கணக்கின் மீதானது மற்றொன்று. இதனையும் நாம் மறைப்பதற்கில்லை.

முஹத்திஸ்களுக்கு ஆண்டுகள் இருந்தன. துணை ஆசிரியருக்கு நிமிடங்களே உள்ளன. ஒப்புக்கொள்கிறோம். இணையப் பிரிவுகளில் ஒருவரே மொழிபெயர்த்து, தலைப்பிட்டு, படம் தேடி, சமூக ஊடகத்திலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. போட்டித் தளம் வெளியிட்டுவிட்டது என்ற நெருக்குதல் தலைக்கு மேல் நிற்கிறது. அத்தகையவரை ஜர்ஹு தஃதீல் இமாம்களோடு ஒப்பிடுவது கொடுமை. எனினும் அவ்விமாம்கள் ஏற்பு, மறுப்பு ஆகியவற்றிற்கு இடையே ‘தவக்குஃப்’ என்றொரு நிலையை, தீர்ப்பு நிறுத்திவைப்பை, மதிப்பிற்குரியதாக ஆக்கி வைத்திருந்தனர். ‘இதில் எனக்குத் தெளிவில்லை’ என்ற மூத்த அறிஞரின் சொல் நூல்களில் அவர் பெயரோடு பதிவாயிற்று. அவருக்கு அது இழுக்காகவில்லை. செய்தி நிறுவனத்தில் ஒரு செய்தியை நிறுத்திவைத்தவருக்கு என்ன பதிவு இருக்கிறது? முந்தித் தந்தவருக்குப் பாராட்டு. நிறுத்தியவரிடம், ‘நம்மிடம் ஏன் இல்லை?’ என்ற விசாரணை.

மேசை காலியாக இருந்தால் அந்த இருக்கையில் காவலர் வந்து அமர்வார். மார்ச்சில் அதுவே நிகழ்ந்தது. திருத்தம் வெளியிடப்பட வேண்டிய இடத்தில் முதல் தகவல் அறிக்கை வெளியாயிற்று. உம்ராவ் மீது தூத்துக்குடியில் வழக்கு. ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லிற்று. பாட்னாவில் போலிக் காணொளி தயாரித்து வெளியிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட யூடியூபர் மணீஷ் காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமே பாய்ந்தது; உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதே ஆண்டு நவம்பரில் அத்தடுப்புக் காவலை ரத்து செய்தது. அன்றைய பேரிடரில் காவல்துறையின் விரைவு பல உயிர்களைக் காத்தது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் எது மெய்ச் செய்தி என்பதை அரசே தீர்ப்பது வழக்கமாகிவிட்டால், அரசைப் பற்றிய செய்தியை யார் தீர்ப்பது? ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்கத் தானே ஒரு பிரிவு அமைக்க வகைசெய்த விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது இந்த ஐயத்தின் பாற்பட்டதே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பொய்யென்று கண்ட அறிவிப்புகளை நம் முன்னோர் அழித்துவிடவில்லை. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) ‘அல்மவ்ளூஆத்’தில் அவற்றைச் சங்கிலியோடு எழுதி, எவரால் கெட்டது என்று காட்டி வைத்தார், அவர் சிலவற்றில் மிகைப்படக் கடிந்தார் என்று பிற்காலத்தில் ஸுயூத்தீ (ரஹ்) அவரையும் மறு ஆய்வு செய்தார். இணையச் செய்தியில் தவறு தெரிந்தால் அப்பக்கம் ஓசையின்றி நீக்கப்படுகிறது. அதன் நகல்களோ பல்லாயிரம் கைபேசிகளில் இருக்கின்றன. மூலத்தைத் தேடிப் போகிறவருக்குத் திரையில் கிட்டுவது ‘இப்பக்கம் இல்லை’ என்ற ஒரு வரிதான். யார் எழுதினார், யார் தலைப்பிட்டார், யாரிடம் கேட்டு எழுதினார், பின்னர் எதனால் நீக்கினார் என எதுவும் அதில் இராது.