முப்பது ஆண்டுக் கெடு

வழி புலப்படாத வேளைகளில் கிறிஸ்தவத் திருச்சபைத் தலைவர்கள் கைக்கொண்ட முறைகள் ஒன்றல்ல. யூதாஸின் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு மத்தியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டு மொரோவிய சபையார் திருமணத்துக்கும் மிஷனரிப் பணியிடத்துக்கும்கூட அதே வழியில் சீட்டுப் போட்டார்கள். மனம் வறண்டு கலங்கியிருக்கும்போது, முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் விதி. குவேக்கர்கள் வாக்கெடுப்பே நடத்துவதில்லை. கூட்டம் ஒருமனப்படாவிட்டால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். சீட்டு முறையை என்னால் ஏற்க முடியவில்லை. ஐயத்தோடு தலைவரின் பொறுப்பையும் அது இறக்கி வைத்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை இருக்கிறது. அந்த நேர்மையை அமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தது தென்னிந்தியத் திருச்சபை.

1919இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா முதலியோர் சபைகளின் ஒற்றுமைக்கு விடுத்த அழைப்பு நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. முக்கியமான சிக்கல் இது: பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகர், ஆங்கிலிக்கன் பீடத்தில் நற்கருணை நடத்தலாமா? கூடாது என்றது ஆங்கிலிக்கன் மனச்சாட்சி. மறுபடி அபிஷேகம் பெறுவதோ, மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் அதுவரை செய்த ஊழியத்தைத் தாங்களே மறுதலிப்பதாகும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இந்தச் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோதும் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கவில்லை. இனி அபிஷேகம் பேராயர் கையால் நடக்கும், பழைய ஊழியர்கள் உள்ளபடியே ஏற்கப்படுவர், மனச்சாட்சிக்கு மாறாக எந்தச் சபைமீதும் போதகரைத் திணிப்பதில்லை என முடிவாயிற்று. மற்றதை 30 ஆண்டு கழித்துத் திருச்சபையே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள்.

இது நழுவல்தானே என்று அன்றே கேட்டார்கள். கவிஞர் டி. எஸ். எலியட் 1943இலேயே இணைப்புத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதினார். ஆனால் நழுவுகிறவர் கேள்வியை மறைப்பார். இவர்களோ அதை அச்சில் ஏற்றி, கெடுவும் குறித்து, அதுவரை நடந்துகொள்ள வேண்டிய முறையையும் வகுத்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள்: இணைந்த நான்கு ஆங்கிலிக்கன் திருமண்டலங்களும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் தங்கள் இடத்தை இழந்தன.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஆந்திரப் பகுதியிலுள்ள நந்தியாலிலிருந்து வந்தது. அங்கே ஆங்கிலிக்கன் சபையாரில் ஒரு பகுதியினர் இணைய மறுத்து வெளியே நின்றார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. தலைவர்களால் தாங்க முடிந்த நிச்சயமின்மை அந்தச் சபையாருக்குத் தாங்க முடியாத பாரமாக இருந்தது. மனச்சாட்சிக்கு மாறாகப் போதகரைத் திணிப்பதில்லை என்ற உறுதிமொழி அவர்களுக்குப் போதவில்லை. பின்னாளில்தான் நந்தியால் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு திருமண்டலமாயிற்று.